கசிமிரா சொன்ன ‘இல்லை’

தூதரகத்தில் தரை துடைக்கிற பெண்ணின் முகத்தை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? ஆனால் கசிமிரா லிமாச்சியை எல்லோரும் பார்த்தார்கள், அவள் வாய் அப்படி. தூதரே சேற்றுக் காலோடு உள்ளே வந்தாலும், “ஐயா, உங்க நாட்டுல மிதியடியே கிடையாதா?” என்று கேட்டுவிடுவாள். அவரும் சிரித்துக்கொண்டே வாசலுக்குத் திரும்பிப்போய்க் காலைத் துடைத்துக்கொண்டு வருவார்.

நான் லிடியா, அங்கே சமையற்காரி. எந்த நாட்டின் தூதரகம் என்று சொல்ல மாட்டேன். எங்களைப் போலவே ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள், அவ்வளவு போதும். எங்கள் மலை நகரமான லா பாஸின் குளிரில் கசிமிரா விடியற்காலையில் நடுங்கிக்கொண்டு வருவாள், என் அடுப்படியில் ரொட்டியும் சூடான சோளக்கஞ்சியும் உள்ளே போனால்தான் துடைப்பத்தைத் தொடுவாள்.

அவளுக்கு ஒரே மகன், ரோமுலோ. புருஷன் ஈயச் சுரங்கத்தில் நெஞ்சில் தூசி ஏறிச் செத்தபோது அவன் கைக்குழந்தை. வளர்ந்து தொழிற்சங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனான். எண்பதாம் வருடம் ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்று சங்க அலுவலகத்துக்குள்ளும் சிப்பாய்கள் புகுந்தார்கள். ரோமுலோ வீடு திரும்பவில்லை.

சிறை, ஆஸ்பத்திரி, படைமுகாம் வாசல் என்று அலைந்துவிட்டுக் கடைசியில் பிணவறைக்குப் போனாள். மறுநாள் என் அடுப்படிக்கு வந்து, கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“பார்த்தியா?” என்று கேட்டேன்.

“பார்த்தேன். அவன்தான்டி. காலர் கிழிஞ்சதுன்னு நான் தச்சுக் குடுத்த சட்டை. நெஞ்சுல ரெண்டு ஓட்டை.”

“எப்பக் கொண்டு வரப்போற?”

“இவன் எம்புள்ள இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். அப்புறம்தான் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி, லாரி மோதிச் செத்தான் என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கிறான். மகன்தான் என்று சொன்னால் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

“அவன ஏத்துக்கிட்டா லாரியையும் ஏத்துக்கணுமாம். நெஞ்சுல சுட்ட லாரிய எந்த ஊர்லடி பார்த்திருக்க? எம்புள்ள இல்லைன்னுட்டேன். அதுக்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டான்.”

எங்கள் மொழியில் இதற்கு ஒரே சொல்தான். பிணத்தை அடையாளம் காட்டுவதும் ‘ரெகொனோசேர்’, ஓர் அரசை அங்கீகரிப்பதும் ‘ரெகொனோசேர்’. அந்த நாட்களில் தூதரகத்தில் வேறு பேச்சே இல்லை. புதிய தளபதிகளை அங்கீகரிப்பதா, வேண்டாமா? மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவார்கள். காபி கொண்டுபோன கசிமிரா அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாளாம். செயலாளர் ஆன்செல்மோவிடம் நேராகவே கேட்டாள்.

“நீங்களும் இல்லைன்னு சொல்லிட்டீங்களா, ஐயா?”

“சொல்லிட்டோம், தோன்யா கசிமிரா. எங்க நாடு மட்டுமில்ல, பாதி உலகமே சொல்லியிருக்கு. இவங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க. உங்க மகன் எப்படிச் செத்தாரோ அப்படியே எழுதி, மரியாதையா உங்க கையில குடுப்பாங்க.”

எங்களையும் ‘தோன்யா’ என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுகிற நல்ல மனிதர்தான். அதனால்தான் அவர்மேல் இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அவள் உயிர் வாழ்ந்தாள். தினமும் காலையில் அவர் அறையைப் பெருக்கும்போது, “இன்னிக்கும் இல்லைதானே, ஐயா?” என்பாள். “இல்லைதான், தோன்யா” என்பார் அவர். கீழே வந்து, “பிடிச்ச பிடியில நிக்கிறாங்கடி” என்று கஞ்சியை வாங்கிக்கொள்வாள். ‘போடீ, போய் உன் பிள்ளையை வாங்கிப் புதை’ என்று எனக்கு நாக்குவரை வரும். அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

ஒருநாள் அவள் அப்படிக் கேட்டபோது ஆன்செல்மோ ஒயின் கோப்பைகளைத் துடைத்து வைக்கச் சொன்னார். மாலையில் புதிய அமைச்சர் விருந்துக்கு வருகிறாராம்.

“அப்ப ஆமான்னு சொல்லிட்டீங்களா?”

“அங்கீகாரம்ங்கிற வார்த்தையே நாங்க சொல்லல. உறவு தொடருதுன்னு மட்டும்தான் அறிக்கை.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், ஐயா?”

“காகிதத்துல வித்தியாசம் இருக்கு” என்றார் ஆன்செல்மோ. என்ன செய்ய, அவருக்கும் மேலிடம் இருந்தது.

அவள் ஏப்ரனை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு நானும் கூடவே ஓடினேன். பிணவறையில் அதிகாரி இல்லை, ஓர் எழுத்தர் மட்டும் இருந்தான்.

“லாரின்னு எழுதுங்க, மாடு முட்டுச்சுன்னு எழுதுங்க, எங்க வேணா கையெழுத்துப் போடறேன். எம்புள்ளயக் குடுத்துருங்க” என்றாள் கசிமிரா. யாரிடமும் குனியாதவள், அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

அவன் ஏடுகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தான். “உங்க புள்ள இல்லைன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க? கேக்க ஆள் இல்லாததையெல்லாம் போன வாரமே எடுத்துட்டுப் போய்ப் புதைச்சாச்சு.”

“எங்க?”

“பொதுக்குழி. எதுல யாருன்னு நாங்க குறிக்கிறதில்ல.”

“நான் அவன் அம்மா, ஐயா.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா” என்றான். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டவாவது முடிந்திருக்கும். வெளியே படியில் உட்கார்ந்து அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்து இழுக்க இழுக்க அடித்துக்கொண்டாள்.

மறுநாளும் வேலைக்கு வந்தாள். சோற்றுக்கு வேறு எங்கே போவாள்? ஆனால் அந்த வாய் போய்விட்டது. தூதர் சேற்றுக் காலோடு வந்தால் பேசாமல் பின்னால் துடைத்துக்கொண்டே போனாள். இறந்தவர்களின் நாளில் ஊரெல்லாம் அவரவர் கல்லறையில் ரொட்டியும் பழமும் படைத்துக்கொண்டிருக்க, எங்கே போய்ப் படைப்பது என்று தெரியாமல் மூட்டையோடு கல்லறைத் தோட்ட வாசலிலேயே நின்றாள்.

இரண்டு வருடம் கழித்துத் தளபதிகள் ஒருவழியாக ஒழிந்து, மக்கள் தேர்ந்தெடுத்த அரசு வந்தது. அடுப்படி ரேடியோவில் ஒவ்வொரு நாடாக அங்கீகாரமும் வாழ்த்தும் வந்துகொண்டிருந்தன. எங்கள் தூதர் குரலும் கேட்டது, மாடியில் கைதட்டினார்கள். கசிமிரா தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முதல்ல இல்லைன்னாங்க, அப்புறம் ஆமான்னாங்க, இப்ப வேற ஆளுக்கு ஆமாங்கிறாங்க. எல்லாமே செல்லுது, பார்த்தியா லிடியா?” என்றாள். “நான் ஒரே ஒரு தடவதான்டி மாத்திச் சொன்னேன்.”