ஆணி அடிச்ச பால்கனிக் கதவு

காத்திருக்கிறதும் ஒரு தொழில்தாங்க. வீட்டு வசதி வாரிய வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு அதுதான் நிரந்தர உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. குழாய்க்காரருக்குக் காத்திருந்தவங்க, கரண்டுக்காரருக்குக் காத்திருந்தவங்க, மேல்வீட்டுக்காரங்க குளிச்ச தண்ணி நம்ம சாமி படத்து மேல சொட்டுறதைப் பார்த்துக்கிட்டே கொத்தனாருக்குக் காத்திருந்தவங்க, எல்லாரும் கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்க. உங்களுக்குத்தான் சொல்றேன். சொந்த வீட்டுக்காரங்களுக்கு இது புரியாது.

எங்க வீடு காரைக்கால்ல, அரசலாறு கடல்ல கலக்கிற பக்கமா, மூணாவது மாடி. நான் வீட்டுலயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எங்க வீட்டுக்காரர் கருக்களாச்சேரிக்காரர், விசைப்படகுல டிரைவர். கடலுக்குப் போனா வாரக்கணக்குல வரமாட்டார். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிட்டா போனுக்கு டவரும் கிடைக்காது. அதுக்கப்புறம் எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு பால்கனிதான். அங்க நின்னா சவுக்குத் தோப்புக்கு மேல முகத்துவாரம் தெரியும். படகுங்க ஒவ்வொண்ணா ஆத்துக்குள்ள நுழையறது தெரியும்.

தூரத்துல எல்லாப் படகும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அதனால, மாங்கனித் திருவிழாவுக்கு எடுத்த மாம்பழக் கலர் சேலை பழசானதும் அதுல ஒரு முழம் கிழிச்சு அவர்கிட்ட கொடுத்தேன். படகுக் கொடிமரத்துல கட்டிக்கிட்டார். கடல்ல படகைப் பிடிச்சுட்டாங்க, காத்து கிளம்பிடுச்சுன்னு நியூஸ்ல ஏதாவது சொன்னா பால்கனியை விட்டு நகரவே மாட்டேன். அந்த மஞ்சத் துணி முகத்துவாரத்துல தெரிஞ்சாத்தான் உள்ளே வருவேன். அப்புறம்தான் அவருக்கும் சேர்த்து உலை வைப்பேன். இப்படி ஒரு பால்கனி.

கருவாட்டு மேல விழுந்த காரை

ஒரு நாள் காலையில எங்க பால்கனிக்கு அடியிலேருந்து ஒரு காரைக் கட்டி பெயர்ந்து, நேரா கீழே தரைத்தளத்து வீட்டு முனியன் பெரியப்பா காயவச்சிருந்த கருவாட்டு மேல விழுந்துச்சு. சொந்தப் பெரியப்பா இல்ல, வாய்வார்த்தைக்குப் பெரியப்பா. நல்லவேளை, கருவாட்டுக்குக் காவல் இருந்த அவரு அப்பத்தான் டீ குடிக்க உள்ளே போயிருந்தார். உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சு உப்பிப்போய் காரையைத் தள்ளியிருக்கு. கடலோரத்துல கட்டின வீட்டுக்கெல்லாம் வர்ற வியாதிதான்.

சமையக்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு நான் எத்தனை தடவை சொன்னப்பவும் வராத வாரிய இன்ஜினீயர் ஜே.இ. சார், இதுக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துட்டார். வந்தவர் பால்கனியை அண்ணாந்து பார்த்தார், மேலே வந்தார், கூட வந்த ஆள்கிட்ட கையைக் காட்டினார். கதவுல குறுக்கே பலகை வச்சு ஆணி அடிச்சாச்சு. ஒவ்வொரு ஆணியும் நாலு அங்குலம் இருக்கும். இவ்வளவு பெரிய ஆணி எதுக்கு சார்னு கேட்டேன். அவர் ரொம்ப அன்பாத்தான் பதில் சொன்னார்.

"இது தற்காலிக ஏற்பாடுதாம்மா."

இன்னிக்கு ஆள் வரும்

அந்தத் தற்காலிகத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல ஒரு தீபாவளி வந்துட்டுப் போச்சு, பொங்கல் வந்துட்டுப் போச்சு. நடுவுல நடுவுல ஆபீஸ்லேருந்து போன் வரும், "இன்னிக்கு ஆள் வரும், வீட்டுல இருங்க"ன்னு. எத்தனை மணிக்குன்னு கேட்கப்படாது. கேட்டா அவங்களுக்குக் கோவம் வரும், வர்ற ஆளும் வராம போயிடும். உங்களுக்குத் தெரியாததா. குளிக்கப் போக பயம், கடைக்குப் போக பயம், மிக்ஸி போட்டா கதவு தட்டுறது கேட்காதேன்னு சட்னிகூட அரைக்காம இருந்திருக்கேன். மெஷினை மிதிக்கிறப்பவும் ஒரு காது வாசல்லயே இருக்கும். ஒரு கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்டுக்கு வலது கையை இடது பக்கம் வச்சுத் தச்சுட்டேன்னா பார்த்துக்குங்க.

எதிர்வீட்டு ஜொகரா லாத்தாதான் எனக்கு அக்காவும் துணைக்காவலும். ஒரு தடவை நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன், அப்பன்னு பார்த்து கதவைத் தட்டுற சத்தம். ஈரத்தலையோட, ஒரு காதுல சோப்பு நுரையோட ஓடிவந்து திறந்தா, கொசுமருந்து அடிக்கிறவர் நிக்கிறார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. லாத்தா தன் வாசல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. சிரிப்பை அடக்க முடியல அவங்களுக்கு.

"என் நிக்காஹ் அன்னிக்கு மாப்புள்ளைக்குக்கூட நான் இப்புடி ஓடிவரலடி மலரு."

என்ன கஷ்டம்?

போன்ல பேசினா வேலைக்காகாதுன்னு ஆபீசுக்கே போனேன். புதுசா வந்த கிளார்க் தம்பி, நல்ல பையன், உட்காரச் சொல்லி மின்விசிறியையும் என் பக்கம் திருப்பினார். "தண்ணி ஒழுகுதாம்மா?" இல்லைன்னேன். "ஷாக் அடிக்குதா?" இல்லை. "சாக்கடை அடைச்சிருக்கா?" அதுவும் இல்லை. இந்த மூணுக்குத்தான் முதல்ல ஆள் அனுப்புவாங்களாம். மத்ததெல்லாம் வரிசையில நிக்கணும். பால்கனி இல்லாம என்னம்மா அப்படிக் கஷ்டம்னு நெசமாவே புரியாமத்தான் கேட்டார்.

என்ன சொல்றது? சாயங்காலமானா கால் தானா அந்தக் கதவுகிட்ட போகுது, பலகையில கையை வச்சுக்கிட்டு நிக்குறேன்னு சொல்றதா? மொட்டை மாடிக்குப் போகலாம்னா அதையும் பூட்டி வச்சிருக்கீங்களேன்னு சொல்றதா? இல்ல, கதவு இடுக்குல கடல் காத்து மட்டும் வருது, கடல் வரமாட்டேங்குதுன்னு சொல்றதா? இதெல்லாம் ஒரு ஆபீஸ்ல வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கடைசியில ஒரு வழியா, "வீட்டுக்காரர் வர்றது தெரியல தம்பி"ன்னேன். அவர் பேனாவைக் கீழே வச்சார்.

"அதுக்குப் போன் பண்ணிப் பாருங்கம்மா."

பெரியப்பாவின் நாற்காலி

கருவாட்டுக்காரர் முனியன் பெரியப்பா என்னைவிட சீனியர். அவர் வீட்டுப் பின்பக்கம் கழிவுநீர்க் குழாய் உடைஞ்சு, பின்வாசலைத் திறக்கவே முடியாம மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். நான் கதவுக்குக் காத்திருக்கறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே அவர் குழாய்க்குக் காத்திருக்க ஆரம்பிச்சாச்சு. முன்வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது பையும் கையுமா கேட்டுக்குள்ள நுழைஞ்சா எழுந்து நிப்பார். ஆள் வேறன்னு தெரிஞ்சதும் உட்கார்ந்துடுவார்.

படகு வர்ற நாள்ல நான் ஆத்தங்கரை வரைக்கும் நடந்துபோய் நின்னுட்டு, இருட்டறதுக்குள்ள திரும்பி வருவேன். படகு வர்ற நாள்னு சொல்றேனே தவிர, அது நமக்கா தெரியும்? மீன் கிடைச்சா சீக்கிரம், கிடைக்கலன்னா லேட்டு. முக்கால்வாசி நாள் வெறுங்கையோடதான் வருவேன். என் மூஞ்சியைப் பார்த்தே பெரியப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சுடும். ஒரு நாள் அந்த நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுட்டு அவர் படியில உட்கார்ந்துக்கிட்டார்.

"நீ படகுக்குக் காத்திரு, நான் குழாய்க்குக் காத்திருக்கேன். எது முதல்ல வருதுன்னு பார்த்துடுவோம்."

வந்தே வந்துட்டாங்க

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, சொல்லாம கொள்ளாம, ஒரு குட்டியானை வண்டி எங்க பிளாக் வாசல்ல வந்து நின்னுச்சு. சிமெண்ட் மூட்டை, ஜல்லி, கம்பி, காரையை உடைக்கிற மெஷின், கொத்தனார், ரெண்டு ஆளு. என் பால்கனிக்குத்தான். எந்த நேரத்துல வந்தாங்கன்னு கேளுங்க. விடியக்காலையில முனியன் பெரியப்பா தூக்கத்துலயே போயிட்டார். கீழ்வீட்டு ஹால்ல அவரைக் கிடத்தியிருக்கு. பெரியம்மா தலைமாட்டுல உட்கார்ந்திருக்காங்க.

எங்க ஆளுங்க கிட்ட ஒரு வழக்கம். பொணம் எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவுல அடுப்பு எரியாது, உலக்கை இடிக்காது, சுத்தியல் சத்தம் கேட்காது. கடலுக்கும் யாரும் போகமாட்டாங்க. பிளாக்கா இருந்தா என்ன, எங்களுக்கு அதுவும் தெருதான். கொத்தனார் வண்டியை விட்டு இறங்கினதும் வாசல்ல சாவு மாலையைப் பார்த்துட்டு, கையில இருந்த சுத்தியலைத் துண்டுல சுத்திக்கிட்டு என்னையே பார்த்தார். நான் சொல்றதுதான் முடிவுன்னு ஆயிடுச்சு. மேலே என் கதவு. நேர் கீழே பெரியப்பா. எத்தனை சாயங்காலம் அந்தப் பலகையில கை வச்சு நின்னிருப்பேன். "இன்னிக்கு வேணாண்ணே, போயிட்டு வாங்க"ன்னு என் வாயாலயே சொன்னேன். இன்னிக்குப் போனா அடுத்து எப்பன்னு எங்களுக்கே தெரியாதும்மான்னு அவரும் ஒளிக்காம சொல்லிட்டுத்தான் போனார். வண்டி கேட்டைத் தாண்டிப் போறதைப் பார்த்தப்ப, பெரியப்பாவுக்காக அழுதேனா கதவுக்காக அழுதேனான்னு எனக்கே தெரியல.

காரியமெல்லாம் முடிஞ்ச அப்புறம் நான் கொத்தனாரைத் திருப்பி அனுப்பின விஷயம் யாரோ சொல்லி பெரியம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. மூச்சு வாங்க மூணு மாடி ஏறி வந்தாங்க. வந்து அந்த ஆணி அடிச்ச கதவைத் தொட்டுப் பார்த்தாங்க.

"அவரு காத்திருந்தது வரவே இல்ல. உனக்கு வந்ததையாவது நீ வாங்கி வச்சிருக்கக் கூடாதாடி?"

தடைக்காலத்து மாப்பிள்ளை

சித்திரையில மீன்பிடித் தடைக்காலம் வந்துச்சு. படகெல்லாம் கரையில, ஆம்பளைங்க எல்லாம் வீட்டுல. எங்க வீட்டுக்காரர் நாலு நாள் தூங்கினார். அஞ்சாம் நாள் அந்தக் கதவு முன்னாடி போய் உட்கார்ந்துட்டார். ஆணியைத் தடவுறார், பலகையைத் தட்டிப் பார்க்கிறார். கடைசியில கடப்பாரை இருக்கான்னு கேட்கிறார். ரெண்டு நிமிஷ வேலையாம்.

நான் விடல. வாரியம் அடிச்ச ஆணியை நாம பிடுங்கினா, வீட்டையே பிடுங்கிட்டா என்ன பண்றது? அவருக்குத் தெரியாததில்ல. ஆனாலும் விடாம முனகிக்கிட்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். காத்துக்கிடந்தவ நான், இவருக்கு என்ன வந்துச்சு? "நான்தான் உங்களைப் பார்க்க அங்க நிப்பேன். நீங்கதான் இப்ப வீட்டுலயே இருக்கீங்களே, உங்களுக்கு எதுக்குப் பால்கனி?"ன்னு கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"எனக்கும் வேணுந்தான்."

ஆள் நிக்கக்கூடாது

தடைக்காலம் முடிஞ்சு அவர் கடலுக்குப் போன பிறகு, மறுபடியும் அந்தக் கொத்தனார் வந்தார். ஒவ்வொரு ஆணி பிடுங்கறப்பவும் அது கீச்சுனு கத்தும், எனக்கு இங்க நெஞ்சுல ஒண்ணு கழலும். கதவைத் திறந்தார். உள்ளே வந்த காத்துல நான் வெட்டி வச்சிருந்த ஜாக்கெட் துணியெல்லாம் பறந்துச்சு. பறக்கட்டும்னு விட்டுட்டேன். தளத்தை அங்கங்க கொத்திப் பார்த்தவர், உள்ளேயும் கம்பி இத்துப்போச்சு, வேற கம்பி வரணும்னுட்டார். ஜே.இ. சார் வந்தார், பார்த்தார், அதே அன்போட சொன்னார்: "கதவு திறந்தே இருக்கட்டும்மா. கொடியில துணி வேணா காயப்போடுங்க. ஆள் மட்டும் நிக்கக்கூடாது."

கதவு நிலைக்கு இந்தப் பக்கம் நின்னு எட்டிப் பார்த்தேன். எங்கேருந்து தெரியும்? கைப்பிடிச் சுவர் மறைக்குது. வானமும் சவுக்கு நுனியும்தான். ஒரு அடி எடுத்து வச்சா ஆறு, இன்னொரு அடி வச்சா கடல். அந்த ஒரு அடியைத்தான் வைக்கக்கூடாது. சரி, கொடுத்து வச்சது அவ்வளவுதான்னு, அந்த மாம்பழக் கலர் சேலையில மிச்சம் இருந்ததை நனைச்சுப் பிழிஞ்சு, கொம்பால எட்டிக் கொடியில போட்டேன். அது ஆடிக்கிட்டு இருந்துச்சு. நாலு நாளா சாயங்காலத்துல அதையே போட்டேன், அழுக்கே இல்லாத சேலையைத் துவைச்சுத் துவைச்சு. வேற எதைப் போடவும் மனசு வரல.

அஞ்சாம் நாள், பொழுது சாயறப்ப போன் அடிச்சுது. அவர்தான். பின்னாடி இஞ்சின் சத்தம். எப்பவும் படகைக் கட்டிட்டு, மீனை இறக்கிட்டுத்தான் கூப்பிடுவார். ஐயோ என்னவோன்னு எடுத்தேன். வலை, மீன்பாடு, உடம்பு எதையும் பத்திப் பேசல. இத்தனை வருஷமா முகத்துவாரத்துல நுழையறப்ப அவர் கண்ணு எங்கே இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. இஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டார்.

"மூணாவது மாடியில மஞ்சளா ஆடுதே... கதவைத் திறந்துட்டாங்களா மலரு?"

ஆக, வாரியம் வேலையைப் பாதி முடிச்சுக் கொடுத்துடுச்சு, அவருக்கு வீடு தெரியுது, எனக்குத்தான் இன்னும் படகு தெரியல, அதனால என் உத்தியோகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்ல.