ரிப்போர்ட் திறக்கலைங்க!

ரத்தம் எடுப்பது நர்ஸ் வேலை; அந்த ரத்தம் என்ன சொன்னது என்பதை உங்கள் திரையில் திறக்க வைப்பது என் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேல்மாடியில், ஒரு பரிசோதனை நிலையத்தின் தமிழ் உதவி லைனில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அது நாள் முழுக்க. ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவும் கூடாது, விளக்கவும் கூடாது. அது ஏன் திறக்கவில்லை என்பதோடு என் எல்லை முடிந்தது.

ஏறிக்கொண்டே போன நம்பர்

கிள்ளானில் சேலைக்கடை வைத்திருக்கும் ஓர் ஆன்டி. எடுத்ததுமே குரல் நடுங்கியது. "காலைல ரெண்டுல இருந்துச்சு தங்கச்சி, இப்ப எட்டு! இவ்வளவு வேகமாவா முத்தும்?" எனக்கும் பக்கென்றது. சர்க்கரையா, கொழுப்பா, எது எட்டு?

மெதுவாக விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. டவுன்லோட் பட்டனை அழுத்தியிருக்கிறார். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஃபைல் சத்தமில்லாமல் போனுக்குள் இறங்கி, பெயருக்குப் பின்னால் ஒரு நம்பரைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டது. அதை நோயின் நம்பர் என்று நினைத்து, கடையைப் பாதியில் அடைத்துவிட்டுப் பேசுகிறார். எல்லாம் ஒரே ரிப்போர்ட்தான், எதைத் திறந்தாலும் ஒன்றுதான் என்றேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்ப முத்திப் போனது சீக்கு இல்ல, என் அவசரந்தான்னு சொல்றியா?"

எதிர்மறை

பண்டமாரானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவர். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். ஈரல் கிருமிப் பரிசோதனை ரிப்போர்ட்டை முதலாளியிடம் காட்ட வேண்டும்; கிருமி இருந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் போன் பண்ணியது புகார் சொல்ல அல்ல. "அக்கா, ஊருக்கு டிக்கெட் நானே போடணுமா, கம்பெனி போடுமா?" என்று கேட்டார்.

ஏன் ஊருக்கு என்றேன். ரிசல்ட்டில் 'எதிர்மறை' என்று வந்திருக்கிறதாம். நம் ரிப்போர்ட்டில் தமிழே கிடையாதே! அப்புறம்தான் உறைத்தது. அவர் போன் மொழி தமிழ். பிரவுசர் தானாகவே பக்கம் முழுவதையும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. நெகட்டிவ் என்பது எதிர்மறை ஆகிவிட்டது. எதிர் என்று வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? பெட்டி கட்டிவிட்டார். மனைவிக்குச் சொல்லிவிட்டார், அந்தப் பெண் அங்கே அழுதுகொண்டிருக்கிறாள்.

எனக்கு அர்த்தம் தெரியும், சொல்லக் கூடாது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, பிரவுசர் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு மொழிபெயர்ப்பை நிறுத்தச் சொன்னேன். பிறகு நர்ஸுக்கு லைனை மாற்றினேன். நர்ஸ் வேறொரு அழைப்பில் இருந்ததால், ஹோல்டில் ஓடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். நர்ஸ் வந்து, கிருமி இல்லை, வேலைக்குப் போகலாம் என்றார். அந்தத் தம்பி அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. வைப்பதற்கு முன் சொன்னது இது:

"இங்கிலீஷ்லயே விட்டிருந்தா ஒண்ணும் புரியாம நிம்மதியா இருந்திருப்பேன் அக்கா."

பக்கத்து நாற்காலி

என் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி வந்தது. எங்கள் நிலையத்திலேயே பரிசோதனை. ரிசல்ட் வந்துவிட்டது என்று மெசேஜ் வந்ததும் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு லாகின் பண்ணினேன். பாஸ்வேர்ட் தப்பு என்றது. மறுபடியும் தப்பு. கணக்கே பூட்டிக்கொண்டது. ஊழியர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே திறக்கக் கூடாது என்பது இங்கே விதி. ஆகவே உதவி லைனுக்குப் போன் பண்ணினேன். எடுத்தது பக்கத்து நாற்காலியில் இருக்கும் கஸ்தூரி.

"வணக்கம், உங்க முழுப் பேரைச் சொல்லுங்க மேடம்" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டை எடுத்தாள். அடித்தேன், தப்பு. எது பழைய பாஸ்வேர்ட், பிரவுசர் எதை நிரப்புகிறது என்று எல்லாவற்றையும் அலசினேன். (கட்டி சாதாரணமானதுதான், மாத்திரையிலேயே கரைந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் அது எனக்கு எப்படித் தெரியும்?) கஸ்தூரி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியை நகர்த்தி வந்தாள்.

"பிரவுசர்ல ஒரு கோளாறும் இல்லடி, உன் கைதான் நடுங்குது."

லைன் இல்லை

ஷா ஆலமிலிருந்து ஓர் அங்கிள், ஃபேக்டரி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மார்பில் எடுத்த சதைப் பரிசோதனை. 'ரிசல்ட் வரவில்லை' என்றே பக்கம் நிற்கிறது என்று நாள் தவறாமல் கூப்பிட்டார். ரிஃப்ரெஷ் பண்ணச் சொன்னேன். பண்ணிட்டேன் என்றார். பிரவுசரில் தேங்கிய பழைய பக்கங்களை அழிக்கச் சொன்னேன். அழிச்சிட்டேன் என்றார். வேறு பிரவுசர்? அதுவும் பார்த்துட்டேம்மா.

எங்கள் பக்கம் ஒன்று மட்டும் தெரியும்: ரிப்போர்ட் தயாரா, அவர் பக்கம் ரிஃப்ரெஷ் ஆனதா என்பது. ரிப்போர்ட் தயாராகிப் பல நாள் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு தடவைகூட ரிஃப்ரெஷ் ஆகவே இல்லை. எப்படிக் கேட்பது? எப்படியோ கேட்டுவிட்டேன். "அங்கிள், நெஜமாவே ரிஃப்ரெஷ் பண்ணீங்களா?"

பின்னால் டிவி ஓடும் சத்தம். "பண்ணலம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "வீட்டுல இன்டர்நெட் லைன் இல்லைன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இந்தப் பக்கம் இப்படியே இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகலைதானே?"

"நீங்க தனியா பார்க்க வேணாம் அங்கிள். ஆன்டியைக் கூப்பிடுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். டிவி நின்றது. ஏதோ பேச்சு, பிறகு ஒரு பெண் குரல்: "எங்கேம்மா அமுக்கணும்?" மேலே வளைந்த அம்புக்குறி என்றேன். அமுக்கிவிட்டார். ஆன்டி முணுமுணுவென்று படிப்பது கேட்டது. நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அங்கிள் விசும்பும் சத்தம் கேட்டது, அதற்கு மேலே ஆன்டியின் குரல்:

"சீக்கிரமா வைத்தியம் ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கும்மா, நாளைக்கே போறோம், இவரை நான் பார்த்துக்கிறேன், நீ போனை வை."

எல்லோருடைய பிரவுசரையும் துடைத்துக் கொடுத்துவிட்டு அவர்களுடைய பயத்தை மட்டும் நான் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அதை அழிக்க எந்த பட்டன் என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து அலுவலக நேரத்தில் கூப்பிடவும்.