ஒரு லைனுக்கு ஒன்று

பேய்க்கதையை யாராவது ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நான் தாராவிக்காரி. நாடக மேடைகளில் இன்டர்காம் போடுவது என் வேலை. ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் மெல்லச் சொல்வது மேலே கயிற்றை ஏற்றி இறக்கும் வின்ச்சை இயக்குகிறவர் காதிலும் விளக்குக்காரர் காதிலும் விழ வேண்டும், அவ்வளவுதான். அந்த லைனில் டெர்மினேஷன் என்று ஒரு சின்னச் சுமை இருக்க வேண்டும். அதற்கு இன்டர்காம் பெட்டியின் பின்னால் ஒரு ஸ்விட்ச். யாருமே போடாவிட்டால் லைன் காது கிழியக் கத்தும். இரண்டு இடத்தில் போட்டுவிட்டால் பேச்சு அமுங்கிப்போகும். ஒரு லைனுக்கு ஒன்று. இந்த வேலையில் எனக்கு வேறு வேதம் கிடையாது.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய ஹால், பெயர் வேண்டாம். பட்டப்பகலில் நடந்தது இது, இருட்டில் பயந்துவிட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு நடன நாடகம், என் தங்கை மலர்தான் அம்மன். ஊஞ்சலில் உட்கார்ந்தபடி மேலேயிருந்து இறங்குவாள், கீழே செட்டில் நட்டிருந்த இரும்புச் சூலத்துக்கு மேலே ஊஞ்சல் நின்றுவிட வேண்டும். வின்ச் இயக்கும் கணேஷுக்கு மேலேயிருந்து சூலம் தெரியாது. "ஸ்டாப்" என்கிற ஒரு சொல் அவன் காதில் விழுந்தால்தான் மலருக்கு உயிர்.

"அக்கா, கயிறு தாங்குமா?" என்று கேட்டாள்.

"கயிறு தாங்கும்ட்டி. சத்தம் மேல கேக்கணும், அது என் பாடு. நீ ஒழுங்கா உக்காரு."

கணேஷ் இருக்கும் இடத்துக்கு வயர்லெஸ் எட்டவில்லை. அதனால் ஹாலின் பழைய வயரை, வயர்லெஸ்ஸோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் சேர்த்தேன், டெர்மினேஷனைப் போட்டேன். பேச்சு அமுங்கியது. ஸ்விட்சை எடுத்து ஆஃப் செய்தேன், கத்த வேண்டிய லைன் கத்தவில்லை, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அப்படியென்றால் வேறு எங்கோ ஒன்று போட்டிருக்கிறது. வயரில் இருந்த எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன், அதே கதை. மேடைக்கு அடியில் தவழ்ந்து போய் வயர் முடியும் இடத்தைத் தேடினேன். சுவருக்குள் வெட்டுப்பட்ட வெறும் செம்புதான் நீட்டிக்கொண்டிருந்தது.

ஹாலின் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி மான்குர்த்திலிருந்து வருபவர், சொந்த ஊர் தெற்கே நம்ம பக்கம்தான். நான் தூசியோடு வெளியே வந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த லைனுக்கு அவரே போட்டுக்கிடுவாரு. நீ ஆஃப்ல விட்டுரு தாயி. எல்லாரும் அப்படித்தான் விடுதாவ."

"அவருன்னா யாரு அண்ணாச்சி? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவரா வந்து பதில் சொல்லுவாரு?"

"அதெல்லாம் கேக்கப்பிடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரென்றே தெரியாத ஒருத்தர் கையில் என் தங்கையை விடுவதற்கு நான் ஆள் இல்லை. பழைய வயரைக் கழற்றிப் போட்டேன். என் சொந்த வயரை, இரண்டு முனையிலும் நானே பின் வைத்துப் பற்றவைத்த புது வயரை, மேலே கணேஷ் வரை இழுத்தேன். ஸ்விட்சை எடுத்தேன், கத்தியது. அந்தக் கத்தல் அன்று எனக்குச் சங்கீதம். ஸ்விட்சைப் போட்டேன், தெளிவு. அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விட்டார்.

நாடகம் நன்றாகத்தான் போனது. மலர் இறங்க ஆரம்பித்தாள். ஹால் முழுக்கச் செண்டை, பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. சரியாக அந்த நேரம் என் ஹெட்செட்டில் பேச்சு அமுங்கியது. ஸ்டேஜ் மேனேஜர் "ஸ்டாப், ஸ்டாப், ருக்" என்று இந்தியிலும் சேர்த்து வாயை அசைப்பது மேடையின் எதிர் ஓரத்து விங்கில் தெரிகிறது, காதில் போர்வைக்குள் பேசுவது போல ஒரு முனகல். ஊஞ்சல் நிற்கவில்லை.

யோசிக்க நேரமில்லை. என் வயரிலும் இப்போது இரண்டு டெர்மினேஷன் இருக்கிறது, ஒன்றை எடுக்க வேண்டும். இன்னொன்று இல்லையென்றால் லைன் கத்தும், கணேஷ் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிவான், மலர் நேராகச் சூலத்தில்தான். நான் என் ஸ்விட்சை எடுத்தேன்.

லைன் கத்தவில்லை. "ருக்" என்பது மணி மணியாகக் கேட்டது. ஊஞ்சல் நின்றது, மலரின் கொலுசுக்கும் சூலத்தின் நுனிக்கும் நடுவே ஒரு கைக்குட்டைதான் நுழைந்திருக்கும். ஜனங்கள் கைதட்டினார்கள்.

"சொன்னேம்லா" என்றார் அண்ணாச்சி, பிறகு.

"நான் அவருக்குப் பணிஞ்சு எடுக்கல அண்ணாச்சி. ஒரு லைனுக்கு ஒண்ணு, அவ்வளவுதான். அது உயிரோட இருக்கவங்க போட்டதா இருக்கணும்னு எந்த மேனுவல்லயும் எழுதல."

இன்றைக்கும் அதே பேச்சுதான் பேசுவேன். அந்த வயரை எறிந்துவிடு என்று வீட்டுக்காரர் சொல்கிறார். நான் ஏன் எறிய வேண்டும்? என் வயர் அது, அதில் வந்து ஒட்டிக்கொண்டவர் வேண்டுமானால் போகட்டும். ஆணியில் சுருட்டி மாட்டி, இரண்டு பின்னிலும் மீட்டரைக் கவ்வவிட்டு வைத்திருக்கிறேன். லைனில் சுமை இருந்தால்தான் முள் ஏறும்; எதிலும் சேராத வயர், முள் அசையவே கூடாது. அசையவும் இல்லை, சாதாரண நாட்களில்.

போன ஞாயிறு மலர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். அவள் கதவைத் தட்டுவதற்கு முன்பே முள் ஏறிவிட்டது. அவள் சாப்பிட்டுக் கிளம்பும் வரை இறங்கவில்லை. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.