வேப்பிலை கட்டிய காய்ச்சல்

அந்தக் காய்ச்சல் எந்த மாதம் வந்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் ஒற்றுமை இல்லை. அம்மா சித்திரை என்கிறார். அப்பா ஆடி என்கிறார். நான் ஆனி என்கிறேன். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கடைக்கு எதிரே வைகாசிப் பௌர்ணமிக்குக் கட்டியிருந்த வெசாக் விளக்குக் கூட்டின் காகிதமெல்லாம் மழையில் கரைந்துபோய், மூங்கில் எலும்புகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. காய்ச்சல் கண்ணோடு அதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே சித்திரை இல்லை. ஆடியாகவும் இருக்க முடியாது. ஏனென்றால் ஆடி பிறப்பதற்குள் அத்தைக்கு வளைகாப்பு நடத்திவிட வேண்டும் என்பதுதான் அப்போது எங்கள் லயத்தின் ஒரே பேச்சு.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பஸ் பாதையிலிருந்து நெடுகப் படியேறினால், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து ஒற்றையறை வீடுகள், எங்கள் பேச்சில் காம்பராக்கள். அதுதான் லயம். எங்களுடையது கடைசிக்கு முந்தியது. கடைசிக் காம்பராவில் என் தாய்மாமாவும் அத்தையும் இருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு அத்தை முதல்முறையாக உண்டாகியிருந்தார். வளைகாப்பை ஏழாம் மாதம் செய்ய வேண்டும். தவறினால் ஒன்பதாம் மாதம். ஆனால் ஒன்பதாம் மாதம் ஆடியில் விழுந்தது. ஆடியில் யார் நல்ல காரியம் செய்வார்கள்? எனவே வருகிற ஞாயிறு என்று முடிவாகியிருந்தது. வளையல் தட்டைச் சுமந்து வரும் பொறுப்பு எனக்கு. எட்டு வயதில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது. பித்தளைத் தட்டில் உருளைக்கிழங்குகளை அடுக்கிவைத்து, வாசலில் நடந்து நடந்து பழகிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வகுப்பில் பாதி நாற்காலிகள் காலியாயின. மறுநாள் நானும் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல நோவு, விடாத இருமல். மாமா பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். அவர்தான் என்னை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து லயம் வரைக்கும் படியேறி முதுகில் சுமந்து வந்தார். வழியெல்லாம் அவர் கழுத்தில்தான் இருமினேன்.

வாசலில் லயமே கூடியிருந்தது.

"ரத்தம் பாத்தாச்சி, டெங்கு இல்ல. இன்புளுவென்சாவாம்," என்றார் மாமா.

"ஊசி போட்டாங்களா தம்பி?" என்றார் நாலாம் காம்பரா பெரியப்பா.

"இல்ல. காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை. நல்லா தண்ணி குடுக்கணும், ஓய்வா இருக்கணும், அதுவா எறங்கிரும்ன்னாரு. மூச்சு வாங்குனா மட்டும் ஒடனே கூட்டியாரணும்."

"ஊசி போடாதவரெல்லாம் ஒரு டாக்டரா?" என்றார் பெரியப்பா. அந்தக் கேள்வியோடு டாக்டரின் மதிப்பு இறங்கியது. மாமா விடவில்லை.

"இருமுனா தும்முனா அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கிருமாம். யாரும் கிட்ட வரவேணாம். புள்ளத்தாச்சிக்கு வந்தா ரொம்பக் கஷ்டமாம்."

"தடுமனுக்குப் பயந்தவ புள்ள பெக்க முடியுமா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, ஒவ்வொருவராக என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் லயத்தில் ஒருவர் படுத்துவிட்டால் பிஸ்கட் பாக்கெட்டோடு போய்ப் பார்க்காமல் இருப்பது, சண்டை போட்டதற்குச் சமம். கடைசியில் அத்தையும் மிளகு ரசத்தோடு வந்து நின்றார். மாமா கதவில் குறுக்கே கையை வைத்தார்.

"என் மருமகளப் பாக்க எனக்கே வழி இல்லையா?"

"ரசத்த வச்சிட்டுப் போ. சொன்னாக் கேளு."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நாளைக்கு மறுபடியும் வருவார் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

மறுநாள் நான் கண் விழித்தபோது எங்கள் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. எங்கள் உயரத்தில் வேம்பு வளராது. காலை பஸ் டிரைவரிடம் சொல்லி மாமா அதைப் பதுளையிலிருந்து வரவழைத்திருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கட்டியதோடு சரி.

சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வேப்பிலை என்றால் அம்மை. அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள். தடுமனை மதிக்காத லயம், ஆத்தாவுக்கு மரியாதை கொடுத்து வாசற்படியோடு நின்றது. இளநீரும் வாழைப்பழமும் படியில் சேர்ந்தன. கர்ப்பிணி அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று பெண்கள் அத்தையைக் காவல் காத்தார்கள். அம்மை கண்ட லயத்தில் எண்ணெய் காயக்கூடாது என்பதால் பத்துக் காம்பராவிலும் பொரியலும் தாளிப்பும் நின்றன.

"டேய், ஆத்தா பேருல பொய் சொல்லுறியேடா," என்றார் அம்மா, வாய்க்குள்ளேயே.

"அம்மைன்னு நான் சொன்னேனாக்கா? எல தானே கட்டினேன்?"

அம்மா மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து, ஆத்தாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

எனக்கு அது பொற்காலம். மாமா எங்கள் காம்பராவுக்கே குடிவந்துவிட்டார். கடை முதலாளியும், "இங்க ஏற்கெனவே நாலு பேரு தும்முறாங்க, நீங்களும் வராதீங்க," என்று போனில் சொல்லிவிட்டாராம். மாமா ஜன்னலைத் திறந்து வைப்பார். குளிர்காற்று உள்ளே வருகிறதே என்று அம்மா மூடுவார். மறுபடி திறப்பார். எனக்குத் தனி டம்ளர். இருமினால் முழங்கை மடிப்பில்தான் இரும வேண்டும். மறந்தால் ஒரு டம்ளர் கொத்தமல்லித் தண்ணீர் அபராதம். காய்ச்சல் விட்டதும் தாயம் விளையாடினோம். அவர் கள்ளாட்டம் ஆடினார், நானும் ஆடினேன். ஒரே கவலை, என் உடம்பில் ஒரு முத்துகூட இல்லாததுதான்.

"மாமா, முத்து எங்க?"

"உள்ளுக்குள்ள இருக்கு. வெக்கப்படுது."

ஆனால் ஞாயிறு வந்தது, வளைகாப்பு வரவில்லை. அம்மைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிய வேண்டும், அதற்குள் ஏழாம் மாதம் கழிந்துவிடும் என்று வெளியே பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாமா முகம் வாடி உட்கார்ந்திருந்தார். நான் உருளைக்கிழங்குத் தட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் அம்மையால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

நல்லவேளையாக அந்த வாரம் அத்தையைப் பார்க்கக் குடும்பநல மாது, அதாவது அரசாங்க மருத்துவச்சி, வந்தார். நாங்கள் மிஸ்ஸி என்போம். வேப்பிலையைக் கண்டதும் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கர்ப்பிணிக்குப் பக்கத்து ரூம்ல அம்மையா? ஏன் எனக்குச் சொல்லல?" என்றவர், என் கை, முதுகு, வயிறு எல்லாம் பார்த்தார். "எங்க கொப்புளம்?"

"உள்ளுக்குள்ள இருக்கு மிஸ்ஸி," என்றேன் நான்.

மிஸ்ஸி மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். பிறகு உண்மை முழுவதும் வெளியே வந்தது. மிஸ்ஸி திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேல் லயம் பூரா இருமுது. இங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நான் ஊர் ஊரா கத்தி நடக்காதத இந்தக் கொப்பு செஞ்சிருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு நாளாச்சி, இருமலும் நின்னிருச்சி. இனி அவுத்துப் போடுங்க. கை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவணும்."

"அப்ப அம்மை இல்லையா?" என்றார் பெரியப்பா. "அட பாவி! இத்தன நாளா கருவாடு பொரிக்காம நாக்கு செத்துப் போச்சேடா!" அந்தக் கொப்பை அவிழ்த்து, மாமாவை அதாலேயே லயத்தைச் சுற்றித் துரத்தினார்.

அன்று மாலை பத்துக் காம்பராவிலும் ஒரே நேரத்தில் கருவாடு பொரிந்தது. அந்த வாசம் பஸ் பாதை வரை போனதாகச் சொல்வார்கள். ஏழாம் மாதத்தின் கடைசி ஞாயிறு வளைகாப்பு நடந்தது. தட்டை ஒரு வளையல்கூடச் சிந்தாமல் கொண்டுபோனேன். அன்று அத்தை வயிற்றில் இருந்தவன் இப்போது என்னைவிட வேகமாகப் படியேறுகிறான்.

மாமா அத்தனை நாளும் எனக்காகத்தான் எங்களோடு இருந்தார் என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என் இருமலைக் கழுத்தில் வாங்கிக்கொண்டவர் தன் வீட்டு வாசலை மிதிக்கப் பயந்தார், அந்த இலை என்னோடு அவரையும் சேர்த்தே உள்ளே வைத்திருந்தது என்பதெல்லாம் அப்போது தெரியாது. மாலையானால் அத்தையின் காம்பராப் பக்கத்துச் சுவரில் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். மாமா ஓடிப்போய்த் திருப்பித் தட்டுவார். என்ன மாமா என்று கேட்டால், "பல்லி புள்ள, வெரட்டுறேன்," என்பார். நானும் நம்பினேன். டொக் டொக்குக்கு நடுவே கண்ணாடி வளையல்களும் குலுங்கும். எந்த ஊர்ப் பல்லி வளையல் போடும் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.