பூண்டு தின்னாத வாய்

வெள்ளை டப்பா, பச்சை மூடி. தைராய்டுக்கு நல்லது என்று என் ஹிஞ்சேவாடி அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, அண்ணிக்காக அந்தச் செலினியம் மாத்திரையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவள் நான்தான். கூடவே பிரேசில் கொட்டையும் ஒரு பொட்டலம். இரண்டிலும் இருப்பது ஒரே சத்து என்று தெரிந்தும், அப்படியானால் இரட்டை நன்மை என்று நினைத்த மேதாவி நான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நடுவில் கைப்பிடி கொட்டை என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தேன். அண்ணி ஒரு நாளும் தவறவில்லை. இரண்டு முறை கரு கலைந்தவர். யார் எதைக் கொடுத்தாலும் விழுங்குகிற நிலையில் இருந்தார்.

அந்தப் புரட்டாசியில் அம்மா பேரப்பிள்ளை வேண்டிப் பெருமாளுக்கு விரதம் இருந்தார். மாதம் முடியும்வரை கட்கியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் வெங்காயம், பூண்டு வரக் கூடாது. இரண்டாம் சனிக்கிழமை அண்ணி மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பூண்டு வாசனை அடித்தது. தெருமுனை வண்டியில் வடாபாவும் பூண்டுச் சட்னியும் தின்றுவிட்டு வந்து மாவைத் தொடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். அண்ணி இல்லை என்றார். போய்ப் பல் தேய்த்துவிட்டும் வந்தார். வாசனை போகவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“நீ மோந்து பாத்துச் சொல்லுடி. நான் சொன்னா மாமியார் கொடுமைம்பா.”

அண்ணி வாயைத் திறந்தார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருப்பவர், போலீஸ்காரர் நிறுத்திய குடிகாரனைப் போல என் முகத்தில் ஊதினார். பூண்டேதான். ஆமாம் என்றேன். உனக்காகத்தானே இந்த விரதம் என்று சொல்லி அம்மா மாவை அப்படியே குப்பையில் கொட்டினார். அண்ணன் குப்பைப் பையைக் கட்டி வெளியே கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த சில வாரங்களில் அண்ணியின் நகங்கள் பிளந்தன, தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது. தோல் மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்க, அண்ணி அந்த டப்பாவை மேசைமேல் வைத்தார். இரும்புச்சத்து என்றால் குடல் கொஞ்சம் பார்த்துத்தான் உள்ளே விடுமாம். செலினியத்துக்கு அப்படிக் காவல் கிடையாது. தின்றதில் பெரும்பகுதி ரத்தத்தில் ஏறிவிடும். கல்லீரல் அதை எடுத்துத் தைராய்டுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் வேண்டிய புரதமாக்கி அனுப்பும். மிச்சம் சிறுநீரில் போகும். அதற்கும் மிஞ்சினால் மூச்சில் வெளியேறும். அந்த மூச்சு பூண்டு மாதிரி நாறும் என்றார் மருத்துவர். அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை கொடுத்தது நீ, அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். இன்றுவரை அம்மா அண்ணியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, என் மேல் வந்ததும்தான்.

அண்ணனும் அண்ணியும் இப்போது லோஹேகாவில் தனியாக வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியதும் முடி மெல்ல வளர்ந்துவிட்டது. போன மாதம் நான் மட்டும் போயிருந்தேன். அந்த மாத்திரையைக் கொடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். அண்ணி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார்.

“மாத்திரைய விடு. நல்லதுன்னு நெனச்சுதான குடுத்த. நான் திங்கலன்னு சொன்னேன்ல, அப்புறம் எதுக்கு மோந்து பாத்த?”