நிமிர்ந்து பார்க்காத மெக்கானிக்

ஏசி பெரும்பாலும் படுக்கையறையில்தான் இருக்கும். அதனால் அந்த மெக்கானிக்கிடம் தொழிலுக்கு வந்த நாள் முதல் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பை விட்டதும் தலை தானாகத் தாழ்ந்துவிடும். கட்டில், அலமாரி, நாற்காலியில் கிடக்கும் துணி எதுவும் கண்ணில் படாது. கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் வாயே திறக்க மாட்டார். வேலை முடிந்ததும் கீழே விழுந்த தூசியைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு அவரை நம்பித்தான் இருந்தது. அவர் பிழைப்பும் அதை நம்பித்தான். மூன்றாம் மாடி அம்மாள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்: "தங்கமான மனுஷன். நிமிர்ந்து கூடப் பாக்க மாட்டார். சாவியையே குடுத்துட்டுப் போகலாம்."

ஒருமுறை தொலைக்காட்சி அலுவலகம் ஒன்றில் ஏசி பழுது பார்க்கப் போனார். சிலரை ஒரே வீட்டில் தங்க வைத்து, நாள் முழுக்கப் படம் பிடித்து, நேயர்களை ஓட்டுப் போட வைத்து ஒவ்வொருவராக வெளியேற்றும் நிகழ்ச்சிக்கு அங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வசதியான முகமாகவே இருக்கிறது, ஒரு சாமானியனும் வேண்டும் என்று, ஏணியில் நின்றவரையே பிடித்துப் போட்டார்கள். அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். மனைவி விடவில்லை. "நாலு பேருக்கு முகம் தெரிஞ்சா இன்னும் நாலு வேலை வரும்ங்க."

அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது அவருக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது அடுத்தவர் வீடு. சோபா நுனியில் உட்கார்ந்தார். பெண்கள் பேச வந்தால் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

ஹோட்டல் முதலாளியின் மகன் ஒருவன் அதே சோபாவில் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தான். காலையில் எழுந்ததும் கேமராவைப் பார்த்து, "என்னம்மா, நல்லா இருக்கீங்களா?" என்பான். ஒரு நாள் கண்ணாடி ஜாடியைப் போட்டு உடைத்தான். "கோவிச்சுக்காதீங்க! எங்க வீட்டுல ஜாடிய நான் பார்த்ததே இல்ல, தண்ணி தானா கைக்கு வரும்!" என்று கண்ணடித்தான். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். சில்லுகளைப் பொறுக்கியவர் மெக்கானிக். திரையில் அவர் முதுகு மட்டும் வந்தது.

நேயர்கள் அவனுக்குச் செல்லப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள். இவருக்கு உம்மணாமூஞ்சி. முதல் ஆளாக வெளியேற்றப்பட்டவர் இவர்தான்.

தன் குடியிருப்புக்காரர்களாவது ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று நம்பியிருந்தார். குடியிருப்பின் வாசல் காவலாளி அதையும் போட்டு உடைத்தார்.

"மூணாம் மாடி வீட்டுல எல்லா போன்லயும் செல்லப்பிள்ளைக்குத்தான் அண்ணே. 'இந்த ஆள் யாரையும் நிமிர்ந்தே பாக்க மாட்டேங்கறார், மனசுல என்ன வச்சிருக்காரோ'ன்னு அந்தம்மா சொன்னாங்க."

"நீ யாருக்குப் போட்டே?"

காவலாளி தலையைச் சொறிந்தார். "அந்தத் தம்பி பேசினா ஜாலியா இருக்குண்ணே."

வெயில் காலம் வந்தது. மெக்கானிக்கின் போன் வாய் திறக்கவில்லை. குடியிருப்புக்கு வேறு யாரோ வந்து போவதாகக் கேள்வி.

"கொஞ்சம் சிரிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி. "அந்தப் பையன் மாதிரி நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தார்.

"இது சிரிப்பா, பல்வலியா?"

"பழகினா வரும்டி."

ஒரு மத்தியானம் மூன்றாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. புது ஆளுக்கு அன்றைக்கு நேரமில்லையாம். இதைச் சரியாகச் செய்தால் குடியிருப்பே திரும்பக் கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மணியை அடித்தார்.

கதவு திறந்தது. நிமிர்ந்தார். அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்து, பழகி வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தார். "என்னம்மா, நல்லா இருக்கீங்களா? பொண்ணு நல்லா படிக்குதா?"

அம்மாள் ஓரடி பின்னால் போனார். "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க," என்று உள்ளே குரல் கொடுத்தார். "வேலை முடியற வரைக்கும் கூடவே நில்லுங்க." மகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெக்கானிக் ஏணியில் ஏறினார். சுவரை மட்டும் பார்த்தார். ஏசி ஓடியதும் இறங்கித் தூசியைத் துடைத்தார். மறுபடி எப்போது வரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது கூடத்துத் தொலைக்காட்சியிலிருந்து செல்லப்பிள்ளையின் குரல் கேட்டது. ஏதோ விளம்பரம். "என்னம்மா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்டா கண்ணா," என்றார் அம்மாள், கதவைத் தாழிட்டுக்கொண்டே.