வாயை மூடிக்கொள்ளப் பழகிய டீச்சர்

இன்று பரிசளிப்பு விழா மேடையில் என் மாணவி ஒருத்தி நடுவில் நின்றுபோனாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்!

பொறுங்கள், கல்லை எடுக்காதீர்கள். முழுக்கதையையும் கேளுங்கள்.

(தெரணியகலை நெட் கடையில் உட்கார்ந்து தட்டுகிறேன். ஐந்து மணி பஸ் போய்விட்டால் தோட்டம் வரைக்கும் நடைதான்.)

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு டீச்சர். பிள்ளைகளுக்கு வாசிப்பை இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று இங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. சில பள்ளிக்கூடங்களுக்கு வெறும் செமினார். எங்களுக்கு ஒரு பயிற்சியாளரும் வீடியோ கெமராவும்!

அவர்தான் நிரோஷா மிஸ். வாரம் ஒருநாள் இரத்தினபுரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என் பாடத்தைப் படம் பிடித்து, பிறகு லெப்டொப்பில் போட்டு என்னோடு உட்கார்ந்து பார்ப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

(முதல் நாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். பாடத்தைவிட அதற்குத்தான் ஆயத்தம் அதிகம்!)

முதல் வீடியோவில் தர்ஷினி வாசிக்கிறாள். என் வகுப்பின் ஸ்டார். கணீரென்ற குரல், ஒரு பிழை இல்லை. விழாவில் வரவேற்புரை வாசிக்க அவளைத்தான் தெரிவு செய்திருந்தேன். அவளுடைய அம்மா ரப்பர் பால் வெட்டும் மலையெல்லாம் இதைச் சொல்லித் திரிந்தார்.

நிரோஷா மிஸ் தர்ஷினியைக் கூப்பிட்டு, நாங்கள் இன்னும் படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

தர்ஷினி வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. அத்தனையும் மனப்பாடம்! நான் ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து கத்த, அப்படியே பாடமாகிவிட்டது. இவ்வளவு நாளும் அவள் வாசிக்கவே இல்லை.

"வரவேற்புரைக்கு வேற பிள்ளய போட்டுருவோமா மிஸ்? அவங்க அம்மா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

"பிள்ளய மாத்தாதீங்க டீச்சர். விழாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல? மொதல்ல இத பாருங்க."

வீடியோவை மறுபடி ஓடவிட்டார். ஒரு பையன் ஒரு சொல்லில் நிற்கிறான். உடனே நான் எடுத்துக் கொடுக்கிறேன். அடுத்த பிள்ளை நிற்கிறது. மறுபடியும் நான்!

"பிள்ள யோசிக்க தொடங்குறதுக்கு முந்தியே நீங்க சொல்லிர்றீங்க டீச்சர். மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. அதுக்கு பொறவு வாய தொறங்க."

உண்மையைச் சொல்கிறேன், கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து வருஷம் படிப்பித்தவளுக்கு ஒன்று இரண்டு சொல்லித் தருகிறாரா! ஆனால் வீடியோவிடம் வாயாட முடியவில்லை.

மறுநாளே எண்ணிப் பார்த்தேன். ஐயோ, ஐந்து என்பது எவ்வளவு தூரம்! இரண்டிலேயே நாக்கு அரித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

(டீச்சருக்குப் பல்வலி என்று நினைத்து, ஒரு பிள்ளை அடுத்த நாள் கராம்பு கொண்டுவந்து நீட்டியது! ஐந்து வரை எண்ணும் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டியதாயிற்று.)

பிறகு ஒருநாள் நிரோஷா மிஸ் கெமராவை என் கையில் தந்தார்.

"இன்னைக்கு நான் படிப்பிக்கிறேன். நீங்க பிடிங்க. எங்க பிழ விடுறேன்னு காட்டுங்க."

விட்டார்! மூன்றிலேயே பொறுக்க முடியாமல் ஒரு பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை லெப்டொப்பில் பார்த்து அவரே விழுந்து விழுந்து சிரித்தார். என் கோபம் அன்றோடு போயிற்று.

மழையென்று ஒரு வாரம்கூட அவர் வராமல் இருக்கவில்லை. அட்டை கடித்த காலோடு வந்து, எழுத்து அட்டைகளைப் பரப்பி, தர்ஷினியோடு எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குக் காட்டினார். மற்ற ஆறு நாளும் அதையே நான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்பட!

இன்று விழா. தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது செய்தி வந்தது. பிரதம விருந்தினரான தோட்ட மேனேஜர், எங்கள் பெரிய துரை, வரமாட்டாராம், பதிலுக்கு ஆஸ்பத்திரி டொக்டராம். அதிபர் பேனையை எடுத்து, தர்ஷினியின் தாளில் துரையின் பெயரை வெட்டி, மேலே புதுப்பெயரை எழுதினார். கூடவே ஒரு புது வரியும்!

தர்ஷினி ஏறினாள். தொடங்கினாள். பெயரில் வந்து நின்றாள்.

"டொக்டர் விக்..."

மண்டபமே என்னைப் பார்த்தது. அதிபர் கண்ணாலேயே 'சொல்லுங்க, சொல்லுங்க' என்கிறார். அரை நாள் லீவு போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா எழும்பியே விட்டார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"விக்...கிர...மா...ராச்சி அவர்களே!"

அப்புறம் அந்தப் புது வரி. "திடீரென அழைத்தும் மறுக்காமல் வந்ததற்கு நன்றி." விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, ஒருவர் உதவியும் இல்லாமல்!

முதலில் கை தட்டியவர் டொக்டர்தான். "ஷா! ஹொந்தட கியெவ்வா!" சிங்களத்தில், நன்றாக வாசித்தாளாம்! எனக்குக் கண் நிறைந்து மேடையே தெரியவில்லை.

விழா முடிந்ததும் தர்ஷினியின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் டீச்சர், பிள்ள முழிச்சிகிட்டு நிக்குது, நீங்க பாட்டுக்கு கல்லு மாதிரி நிக்கிறீங்க! ஒரு வார்த்த எடுத்து குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி முந்திக்கொண்டாள்.

"சும்மா இரும்மா. டீச்சர் எண்ணிகிட்டு இருந்தாங்க. அஞ்சுக்கு முந்தி நானே சொல்லிட்டேன்ல!"

நிரோஷா மிஸ், கோடி நன்றி.

மற்ற டீச்சர்மாரே, நீங்கள் எத்தனையில் வாயைத் திறப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்!